சுகர் இருக்கிற அப்பாவுக்கு மூன்று குழாயிலும் அடைப்பு: ஸ்டென்ட்டா, பைபாஸா?

கேள்வி:
அப்பாவுக்கு 64 வயது, ரொம்ப வருஷமாகச் சுகர். ஆஞ்சியோவில் இதயத்தின் மூன்று ரத்தக் குழாயிலும் அடைப்பு, முன்பக்கக் குழாயில் கால்சியம் வேறு நிறையப் படிந்திருக்கிறதாம். பம்பிங் நன்றாக இருக்கிறது, மாடி ஏறினால்தான் வலி. ஒரு டாக்டர் பைபாஸ்தான் என்கிறார், இன்னொருவர் அடைத்த இடத்தை விரித்து வைக்கும் சின்னக் கம்பி வலையான ஸ்டென்ட் வைத்துச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார். பைபாஸுக்காக நெஞ்சைத் திறப்பது என்றாலே அப்பா பயப்படுகிறார். எதை நம்புவது?

பதில் 1:
சுகரும் பல குழாய் அடைப்பும் சேர்ந்தால் என் ஓட்டு பைபாஸுக்குத்தான். 2012இல் வந்த ஃப்ரீடம் ஆய்வு இதே மாதிரி 1900 பேரை எடுத்துப் பார்த்தது. ஐந்து வருடத்தில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் ஸ்டென்ட்டில் 26.6 சதவீதம், பைபாஸில் 18.7. ஆனால் பக்கவாதம் மட்டும் பைபாஸில் அதிகம் (5.2, ஸ்டென்ட்டில் 2.4), அதையும் அப்பாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்டென்ட் அந்த ஒரு இடத்தைத்தான் சரிசெய்யும். பைபாஸில் வேறொரு ரத்தக் குழாயை எடுத்து அடைப்பைத் தாண்டிக் கீழே இணைப்பதால், நாளைக்கு மேலே புதிதாக அடைத்தாலும் ரத்தம் போய்ச் சேரும். அதிலும் நெஞ்சுக்குள் இருக்கும் மார்புத் தமனியை எடுத்து இணைத்தால் பத்து வருடம் கழித்தும் பெரும்பாலும் திறந்தே இருக்கும், காலிலிருந்து எடுத்து இணைக்கும் ரத்தக் குழாய்க்கு அந்த ஆயுள் கிடையாது.

பதில் 2:
அவசரப்பட வேண்டாம். அடைப்பு எவ்வளவு சிக்கலானது என்று ஆஞ்சியோவை வைத்துப் போடும் மதிப்பெண்ணான சின்டாக்ஸ் ஸ்கோர் எவ்வளவு என்று கேட்டீர்களா? 22 வரை என்றால் அடைப்பு அவ்வளவு சிக்கலில்லை, 33 அல்லது அதற்கு மேல் போனால் ஸ்டென்ட் பக்கம் போக யோசிக்க வேண்டும். கிட்னி, நுரையீரல் எப்படி, கீழ்ப்பகுதிக் குழாய் தைக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்கிறதா, இதெல்லாம் பார்க்காமல் யாரும் இங்கே முடிவு சொல்ல முடியாது. இதய மருத்துவரும் சர்ஜனும் சேர்ந்து உட்கார்ந்து ஆஞ்சியோ படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஓய்வில் இருக்கும்போதே வலி வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

பதில் 3:
என் அம்மாவுக்கு பைபாஸ் செய்தோம். முதல் சில வாரம் கஷ்டம்தான், வெட்டிய நெஞ்செலும்பு கூடும்வரை இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இருமுவார், ஒருக்களித்துப் படுக்க முடியாது. ரத்தக் குழாய் எடுத்த கால் வீங்கியது. அப்புறம் மெல்ல மெல்ல நடை கூடியது, இப்போது மாடி ஏறுகிறார். மாத்திரையையும் சுகர் கட்டுப்பாட்டையும் விட்டுவிடாதீர்கள், எதைச் செய்தாலும் அது கூடவே வரும்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குக் கேட்டேன், ஸ்கோர் 34 என்றார்கள். சர்ஜனைப் பார்க்க அப்பா ஒத்துக்கொண்டார். பக்கவாத பயம் இருப்பதால் கழுத்து ரத்தக் குழாய் ஸ்கேனும் எடுக்கலாமா என்று முதலில் கேட்கப்போகிறேன்.