படம் பார்த்துக் கதை சொல்லும் சோதனை: தமிழ்க் குழந்தைகளிடம் நடத்தியவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். லியோபோல்ட் பெல்லாக்கும் சோன்யா பெல்லாக்கும் 1949இல் வெளியிட்ட, விலங்குப் படங்கள் கொண்ட 10 அட்டைகளைக் காட்டி, மூன்று முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளைக் கதை சொல்ல வைத்து, அதன் வழியே அவர்கள் மனதை அறிய முயலும் CAT (Children's Apperception Test) என்ற சோதனையைப் பற்றி உங்கள் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

ஐந்தாவது அட்டையில் இருண்ட அறை. பின்னால் பெரிய கட்டில், முன்னால் குழந்தைக் கட்டிலில் இரண்டு கரடிக்குட்டிகள். அப்பா, அம்மா, பாட்டி எல்லோருடனும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்துப் பழகிய குழந்தை இதைப் பார்த்து, "இதுங்களோட அம்மா எங்க போயிட்டாங்க?" என்று கேட்டால், அதைப் பிரிவச்சம் (பெற்றோரைப் பிரிவது குறித்த பயம்) என்று உடனே அறிக்கையில் எழுதுவது அநியாயம் என்றே கருதுகிறேன். கதைகளுக்குப் பொருள் கொள்வது சோதிப்பவருக்குச் சோதிப்பவர் மாறக்கூடியது என்பதால், பெற்றோர் நேர்காணலும் ஆசிரியரின் கருத்தும் இல்லாமல் எந்த முடிவுக்கும் வருவதில்லை.

இந்தச் சோதனைக்கு உமா சௌத்ரி உருவாக்கிய இந்தியத் தழுவலை இங்கே பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? "அப்புறம் என்ன ஆச்சு?" என்பது போன்ற தொடர்கேள்விகளை, விடையை நாமே எடுத்துக் கொடுத்துவிடாமல் எப்படிக் கேட்கிறீர்கள்? பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் வரும் கதையை எப்படிப் பதிவு செய்கிறீர்கள்? குழந்தையின் அடையாளமோ அட்டைகளின் படமோ இடம்பெறாமல் பதிலளிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.