புதுப்பிப்பு: செங்கன் 90 நாள் கணக்கு, நான் தப்பாகத்தான் போட்டிருந்தேன்

ஏப்ரல் 1 முதல் மே 30 வரை 60 நாள் செங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) சுற்றிவிட்டு, மூன்று வாரம் வெளியே இருந்து திரும்பினால் புதிதாக 90 நாள் கிடைக்குமா என்று கேட்டிருந்தேன். கிடைக்காது. "கிடைக்காது" என்று அடித்துச் சொன்னவர்களுக்கு நன்றி. விடுதியில் "ஒரு நாள் எல்லை தாண்டினாலே போதும்" என்று அளந்துவிட்ட நண்பருக்கு ஒரு கும்பிடு.

விதி இதுதான்: எந்த நாளை எடுத்தாலும், அதையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். அதற்குள் 90 நாளுக்கு மேல் உள்ளே இருந்திருக்கக் கூடாது. நுழையும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் கணக்கில் சேரும். அதனால் ஜூன் 20 அன்று திரும்ப நுழைந்தபோது எனக்கு மிச்சம் 30 நாள்தான். ஜூலை 19 கடைசி. ஏப்ரல் 1 கணக்கிலிருந்து உதிர்வதே செப்டம்பர் 28 அன்றுதான்! ஐரோப்பிய ஆணையத்தின் இணையக் கணிப்பானிலும் போட்டுப் பார்த்தேன், அதே விடை.

நல்லவேளை, அந்த மூன்று வாரத்துக்குக் குரோஷியா போகாமல் செர்பியா போனேன். என் பழைய கையேடு குரோஷியாவைச் செங்கனுக்கு வெளியே உள்ள நாடாகக் காட்டியது. 2023 ஜனவரியிலிருந்து அதுவும் செங்கன்தான். ருமேனியா, பல்கேரியாவும் 2025 ஜனவரியில் முழுதாகச் சேர்ந்துவிட்டன.

அப்புறம், விசா பல நுழைவு விசாவாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாத் தாளில் தங்கும் நாள் 90-க்குக் குறைவாக இருந்தால் அதுதான் உங்கள் வரம்பு.

ஜூலை 17 அன்றே கிளம்பிவிட்டேன். விமானம் தாமதமானால் என்ற பயம்தான்.