ப்ளேஸ்மென்ட் ஆண்டு: ‘பணியமர்வு’ வேண்டாம், ‘பழகுநர் ஆண்டு’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் நிலவடிவமைப்புப் (லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்) பட்டப்படிப்பின் நடுவே வரும் ப்ளேஸ்மென்ட் ஆண்டுக்குப் ‘பணியமர்வு ஆண்டு’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் பொறியியல் கல்லூரிகளில் ‘ப்ளேஸ்மென்ட் ஆகிவிட்டதா?’ என்று கேட்டால், படிப்பு முடியுமுன்பே வேலை உறுதியாகிவிட்டதா என்றுதான் பொருள். பணியமர்வு என்றதும் அந்த நினைவே வரும். அங்கே மாணவர் இரண்டாம் ஆண்டை முடித்து, ஓர் அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு, இறுதியாண்டுக்காக வகுப்புக்குத் திரும்புகிறார். அந்த ஆண்டிலும் அவர் பல்கலைக்கழகத்தின் மாணவர்தான். உள்நாட்டு மாணவரிடம் ஆண்டுக் கட்டண உச்சவரம்பில் 20 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று விதியும் இருக்கிறது.

(நிலத்தோற்றக் கட்டடக்கலை என்னாமல் நிலவடிவமைப்பு என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஷெஃபீல்டில் 2016இல் முதற்கட்டம் திறக்கப்பட்ட ‘கிரே டு கிரீன்’ திட்டத்தில், போக்குவரத்துக் குறைந்துபோன சாலையின் ஒரு பகுதியைப் பெயர்த்து, மழைநீர் இறங்கும் செடிப்படுகைகளாக்கினார்கள். அதில் கட்டடமும் இல்லை, தோற்றம் மட்டுமே நோக்கமும் இல்லை.)

‘களப்பயிற்சி ஆண்டு’ என்பதும் பொருந்தாது. என் அக்காள் மகள் அங்கே இந்த ஆண்டை முடித்தவள். முதல் மூன்று மாதம் அவள் களத்தையே பார்க்கவில்லை. நடவு அட்டவணை தயாரிப்பதுதான் வேலை. செடியின் இலத்தீன் பெயர், தொட்டியின் கொள்ளளவு, சதுர மீட்டருக்கு எத்தனை செடி, மரக்கன்றாக இருந்தால் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவு என்று வரிவரியாக எழுத வேண்டும். 12–14 செ.மீ. சுற்றளவு என்பதை அவள் ஒருமுறை விட்டம் என்று எழுதிவிட, நாற்றுப்பண்ணையிலிருந்து வந்த விலையைப் பார்த்து அலுவலகமே திகைத்ததாம்.

‘ஆண்டு’ என்பதைச் சொல்லிலிருந்து விட்டுவிடக் கூடாது என்பதையும் அவளிடம்தான் கற்றேன். மண்கட்டி இல்லாமல் வெறும் வேரோடு வரும் கன்றுகளை அங்கே நவம்பர் முதல் மார்ச் வரை, மரம் உறங்கும் காலத்தில்தான் நடுவார்கள். கோடையில் வரைந்தது குளிரில் மண்ணுக்குள் போய், வசந்தத்தில் துளிர்த்ததா பட்டதா என்று தெரிவதற்குள் பருவங்கள் ஒரு சுற்று வந்துவிடுகின்றன. நிலத்தோடு பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்ற மொழியில் இதை விளக்கத் தேவையில்லை. இலங்கையில் வழங்கும் ‘உள்ளகப் பயிற்சி’ நல்ல சொல்தான். ஆனால் அது ஆறு வாரத்துக்கும் பொருந்திவிடுகிறது.

படிப்பின் இடையில் வருவதால் ‘பணியிடை ஆண்டு’ என்று முதலில் எண்ணினேன். பணியிடை நீக்கம் நாளிதழ்களில் அன்றாடம் அடிபடும் சொல்லாகையால், மாணவர் ஏதோ குற்றம் செய்து ஓராண்டு வீட்டில் இருப்பதுபோல் ஒலிக்கிறது. அடுத்து ‘பழகாண்டு’. பழகு ஆண்டு என்று பிரித்தால், ஊறுகாய் போல முக்காலமும் காட்டும் அழகிய வினைத்தொகை. ஆனால் விரைவாகப் படிப்பவர் ‘பழகா ஆண்டு’ என்று எதிர்மறையாகப் பிரித்துவிட்டால் பொருளே தலைகீழாகும்.

ஆகவே ‘பழகுநர் ஆண்டு’ என்பதே என் முன்மொழிவு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத் ‘தொழிற்பழகுநர்’ ஏற்கெனவே அரசுத் தமிழில் இருக்கிறது. அது ஐடிஐ மாணவரைக் குறிப்பதாயிற்றே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். இருக்கட்டும், பட்டம் படிப்பவர் ஓராண்டு பழகுநராக இருப்பதில் இழுக்கு என்ன?

இதை ஏற்றால் இன்னொரு வசதியும் உண்டு. மாணவரை ஏற்கும் அலுவலகத்தைப் ‘ப்ளேஸ்மென்ட் வழங்கும் நிறுவனம்’ என்று நீட்டி எழுதிவருகிறோம். அதைப் ‘பழகிடம்’ என்று ஐந்தே எழுத்தில் முடித்துவிடலாம். இதை எதிர்மறையாகப் பிரிக்க நானும் முயன்று பார்த்தேன், வரவில்லை. யாருக்காவது வந்தால் எழுதுங்கள்.