வி.ஆர். கிருஷ்ணய்யரின் சட்டமன்ற உரைகள்: உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். வி.ஆர். கிருஷ்ணய்யரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். 1975-இல் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்ற தீர்ப்புக்கு நிபந்தனையுடன் இடைக்காலத் தடை வழங்கிய உச்ச நீதிமன்ற நீதிபதியாகவே அவரைப் பலரும் அறிவோம். ஆனால், தலச்சேரியில் வழக்கறிஞராக இருந்த அவர் 1952-இல் கூத்துப்பரம்புத் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், 1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டத்துறையை ஏற்றதும் நம்மிடையே போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

சென்னைச் சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய உரைகள் அடங்கிய நடவடிக்கைக் குறிப்புகளை எந்த நூலகத்தில் பார்க்கலாம், அதற்கு யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பதை அறிந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன். குத்தகை விவசாயிகள் குறித்த விவாதங்களே எனக்கு முதன்மையாகத் தேவைப்படுகின்றன.