கணவரின் இழப்பீட்டுத் தேதி 9 மாதம் தள்ளிப்போய்விட்டது: எந்த வழியில் திருத்துவது?

வணக்கம். டெக்சாஸில் இருக்கிறோம். என் கணவர் அமெரிக்க ராணுவத்திலிருந்து 2021 ஜூனில் விடுபட்டவர். பணியில் இருக்கும்போதே, 2019-இல், சொரியாசிஸ் தொடங்கியது. முழங்கையில் ஆரம்பித்து முதுகு வரை பரவிவிட்டது. காலையில் படுக்கை விரிப்பை உதறினால் வெள்ளிச் செதில்கள் கொட்டுகின்றன. மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையில்தான் ஓடுகிறது.

இந்த நோய்க்கான இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கப்போவதாக முன்கூட்டியே தெரிவிக்கும் 21-0966 படிவத்தை 2023 நவம்பரில் முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு (VA) ஃபேக்ஸில் அனுப்பினோம். முழு விண்ணப்பம் 2024 ஆகஸ்டில், ஓராண்டுக் கெடுவுக்குள்தான். 2025 மார்ச்சில் 30 சதவீத உடல்பாதிப்பு மதிப்பீடு கிடைத்தது. ஆனால் அமலுக்கு வரும் தேதி ஆகஸ்ட் என்று இருக்கிறது. நவம்பராக அல்லவா இருக்க வேண்டும்!

மூன்று முறை தொலைபேசியில் கேட்டோம். படிவம் பதிவில் இல்லை என்கிறார்கள். தேதியும் நேரமும் அச்சான ஃபேக்ஸ் ரசீது எங்களிடம் இருக்கிறது. கோப்பின் நகலுக்கும் எழுதிக் கேட்டோம், இன்னும் வரவில்லை. மூத்த அலுவலர் ஒருவர் அதே கோப்பை மீண்டும் பார்க்கும் மேல்நிலை மறுஆய்வில் (Higher-Level Review) புதிய சான்று சேர்க்க முடியாது என்று படித்ததால் தயங்கி நிற்கிறோம்.

தேதியை மட்டும் திருத்த, ரசீதை இணைத்து 20-0995 படிவத்தில் துணை விண்ணப்பம் போட்டு யாருக்காவது பழைய தேதி கிடைத்திருக்கிறதா?