டூம் மேப் எடிட்டரை முதலிலிருந்து திருப்பி எழுதலாமா, பழையதையே ஒட்டுப்போட்டு ஓட்டலாமா?

கோடுவரைஞன்:

வணக்கம் நண்பர்களே. 2012-ல் டூம் என்ற சுடும் கணினி விளையாட்டுக்கு, அதன் அறைகளையும் சுவர்களையும் வரைய ஒரு சின்ன மேப் எடிட்டர் எழுதி ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டேன். பைத்தான் 2, திரைக்கு பைஜிடிகே நூலகம். சுமார் ஒன்பதாயிரம் வரி.

அதை எழுதியதற்குக் காரணம் என் தம்பி. அவனுக்கு வலது மணிக்கட்டு சரியாக அசையாது, மவுஸைப் பிடித்து இழுக்க முடியாது. ஆனால் மேப் போடுவதில் அவனுக்கு அவ்வளவு ஆசை. அதனால் எல்லாவற்றையும் கீபோர்டிலேயே செய்கிற மாதிரி அமைத்தேன். 'வ 128' என்று தட்டினால், நிற்கிற புள்ளியிலிருந்து வடக்கே 128 அலகுக்குக் கோடு விழும். 'கி 64' என்றால் கிழக்கே. 'மூடு' என்றால் முதல் புள்ளியோடு சேர்ந்து அறை மூடிக்கொள்ளும். இன்றும் அவன் தினமும் பயன்படுத்துகிறான். இன்னும் நாலைந்து பேர் பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறார்கள்.

பைத்தான் 2-க்கு ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பைஜிடிகே, பைத்தான் 3-க்கு வரவே இல்லை. தம்பியின் கணினியில் பழைய லினக்ஸை அப்டேட் செய்யாமல் அப்படியே வைத்திருக்கிறேன். அந்த டிஸ்க் போனால் எல்லாம் போச்சு.

புரோகிராம் கோடும் ஒழுங்காக இல்லை. திரையில் வரைகிற ஃபங்ஷனே மேப்பையும் மாற்றுகிறது. அன்டூவுக்காக ஒவ்வொரு கட்டளைக்கும் மேப் முழுவதையும் நகலெடுக்கிறேன். அதனால் ஆயிரம் லைன்டெஃப் (சுவர்க் கோடு) தாண்டினாலே திணறுகிறது. இன்னொரு பிழை: ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் வெர்டெக்ஸ் (கோட்டின் முனைப் புள்ளி) எண்ணிக்கை தானாகக் கூடுகிறது. பல வருடமாகத் தேடியும் காரணம் பிடிபடவில்லை.

பைத்தான் 3, திரைக்கு கியூடி நூலகம் என்று புதிதாகத் தொடங்கலாமா? அல்லது கோப்பு கோப்பாக மாற்றிக்கொண்டு வரலாமா? எனக்கு இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும்.

சிவப்புச்சாவி:

முதலில் ஒரு கேள்வி. யுரேகா என்ற டூம் மேப் எடிட்டரில் ஒரு கட்டளைப் பெட்டியைச் சேர்த்துவிட முடியாதா? அது சி பிளஸ் பிளஸ், திரைக்கு எஃப்எல்டிகே நூலகம். லினக்ஸில் நன்றாக ஓடும். 1994-ல் வந்த டிஈயூ எடிட்டரிலிருந்து யாடெக்ஸ், யாடெக்ஸிலிருந்து யுரேகா என்று ஒரே கோட் கைமாறி வளர்ந்த பரம்பரை அது. இன்னொரு பக்கம் பார்த்தால், டூம் பில்டர் என்ற எடிட்டரின் முதல் பதிப்பு விஷுவல் பேசிக்கில் இருந்தது. இரண்டாம் பதிப்பை சி ஷார்ப்பில் புதிதாக எழுதினார்கள். அதன் வழியில் வந்ததுதான் இன்றைய அல்டிமேட் டூம் பில்டர். ஆக இரண்டு வழியிலும் நல்ல எடிட்டர்கள் வந்திருக்கின்றன. ஒரு மணி நேரம்தான் கையில் என்றால், நான் இருக்கிற ஒன்றோடு சேர்ந்துகொள்வேன்.

பழையவாட்:

சிவப்புச்சாவி சொல்வது பொதுவாகச் சரி. ஆனால் மவுஸை நடுவில் வைத்துக் கட்டிய எடிட்டரில் கட்டளைப் பெட்டி ஒரு ஒட்டுத்திண்ணையாகத்தான் இருக்கும். தம்பிக்கு அது போதாது. புதிதாகவே எழுதுங்கள். ஆனால் திரையிலிருந்து தொடங்காதீர்கள்.

நானும் ஒரு எடிட்டரைத் திருப்பி எழுதியவன்தான். எனக்குத் தெரிந்த லம்ப்களை (மேப் கோப்பிலுள்ள தரவுத் துண்டுகளை) மட்டும் படித்து, சேமிக்கும்போது மற்றதையெல்லாம் புதிதாக உருவாக்கினேன். ரிஜெக்டும் அதில் ஒன்று. எந்த செக்டரிலிருந்து (மேப்பின் ஒரு தளப்பகுதி) எந்த செக்டரைப் பார்க்க முடியாது என்று ஜோடிக்கு ஒரு பிட் வைக்கும் அட்டவணை அது. 200 செக்டர் என்றால் 5,000 பைட். எப்படியும் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நண்பர் ஒருவர் ஜன்னலுக்கு அப்பால் நிற்கிற அரக்கர்கள் ஆட்டக்காரரைப் பார்க்கவே கூடாது என்று அந்தப் பிட்களைக் கையாலேயே அமைத்திருந்தார். என் புதிய எடிட்டரில் திறந்து ஒருமுறை சேமித்தார், அத்தனையும் போனது. அவரிடம் வேறு நகல் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால் முதல் வேலை: டூம் மேப்கள் இருக்கிற ஒரு வாட் கோப்பைத் திறந்து, எதையும் தொடாமல் சேமித்தால், அதே பைட்கள் வர வேண்டும். திரையே வேண்டாம், வெறும் படிப்பதும் எழுதுவதும்தான். புரியாத லம்ப் எதுவாக இருந்தாலும் அப்படியே திருப்பி எழுதுங்கள். கையில் இருக்கிற எல்லா வாட்களையும் இதில் ஓட்டிப் பாருங்கள்.

உங்கள் வெர்டெக்ஸ் பிழைக்கு, சேமிக்கும்போது ஓடுகிற நோட் பில்டர் நிரல்தான் காரணம் என்று நினைக்கிறேன். அது மேப்பைக் குவிந்த துண்டுகளாக வெட்டும்போது கோடுகளும் வெட்டுப்படும். வெட்டிய இடத்துப் புள்ளிகளை வெர்டெக்ஸ் பட்டியலின் கடைசியில் சேர்த்துவிடும். அவற்றை செக்குகள் எனப்படும் அந்த வெட்டுத் துண்டுகள்தான் பயன்படுத்தும், எந்த லைன்டெஃபும் தொடாது. நீங்கள் அவற்றையும் மேப்பின் பகுதியாக எடுத்துக்கொண்டு மறுபடி நோட் பில்டருக்குக் கொடுக்கிறீர்கள், அது இன்னும் சேர்க்கிறது. திருத்தத் தொடங்கும்போது எந்த லைன்டெஃபும் தொடாத வெர்டெக்ஸ்களை நீக்கிவிட்டால் போதும்.

பைத்தான் 3-க்குப் போகும்போது இரண்டு இடத்தில் கவனம். பழைய கோட்டில் x / 64 * 64 என்று புள்ளியை 64 அலகுக் கிரிட்டில் (கட்டத்தில்) ஒட்டவைத்திருப்பீர்கள். பைத்தான் 3-ல் அது பின்னமாக வகுத்து, அதே x-ஐத் திருப்பித் தரும். பிழைச் செய்தி எதுவும் வராது, கிரிட் மட்டும் வேலை செய்யாது. அடுத்து, ஒரு பக்கம் மட்டும் உள்ள சுவரில் மறுபக்க சைட்டெஃப் (சுவரின் ஒரு பக்கத்து விவரம்) எண் 65535. அதைக் குறியுள்ள எண்ணாகப் படித்தால் -1. பைத்தான் பட்டியலில் -1 என்றால் கடைசி உறுப்பு! இல்லாத பக்கத்துக்கு எங்கோ இருக்கிற சுவரின் டெக்ஸ்சரை, அதாவது சுவர்ப் படத்தை, கொண்டுவந்து ஒட்டிவிடும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் எடிட்டர் கட்டளையால் ஓடுவது உங்களுக்குப் பெரிய பலம். பழைய எடிட்டரில் இன்றைக்கே ஒரு நாலு வரி சேருங்கள்: தம்பி தட்டுகிற ஒவ்வொரு கட்டளையும் ஒரு கோப்பில் பதியட்டும். புதியது உருவாகும்போது அதே பதிவை அதற்கும் கொடுத்து, இரண்டிலும் வரும் மேப்பை ஒப்பிடுங்கள். மவுஸால் இழுக்கிற எடிட்டருக்கு இப்படி ஒரு சோதனையை எழுத ரொம்பக் கஷ்டப்பட வேண்டும். அன்டூவும் அதே வழியில் தீரும். மேப் முழுவதையும் நகலெடுக்காமல், ஒவ்வொரு கட்டளையும் தான் மாற்றியதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

திரை கடைசியில் வரட்டும். அதுவரை தம்பியிடம் பழையதே ஓடட்டும். முதலில் அந்த டிஸ்கை இன்று இரவே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

கோடுவரைஞன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். டிஸ்கை அன்றே நகலெடுத்துவிட்டேன். வெர்டெக்ஸ் விஷயம் நீங்கள் சொன்னதேதான். ரொம்ப நன்றி அண்ணா.

கையில் இருந்த 43 வாட்களில் 39 பைட் மாறாமல் வந்தன. மிச்சம் 4-ல் டெக்ஸ்சர் பெயருக்கான 8 பைட்டில், பெயர் முடிந்த பிறகு ஏதோ குப்பை இருக்கிறது. நான் அங்கே பூஜ்யம் எழுதுகிறேன், அதனால் வித்தியாசம்.

தம்பியின் கட்டளைப் பதிவு இன்னொன்றைக் காட்டிக்கொடுத்தது. அவன் ஆறு மாதமாகப் போட்டுவரும் மேப்பில் மேற்குப் பக்கச் சில சுவர்கள் ஒரு கட்டம் தள்ளி விழுந்தன. கிரிட்டுக்கு நான் int(x / 64) என்று எழுதியிருந்தேன். அது பூஜ்யத்தை நோக்கி வெட்டுகிறது, பைத்தான் 2 கீழ்நோக்கி வகுத்திருக்கிறது. x, y குறை எண்ணாக இருக்கிற பக்கத்தில் மட்டும்தான் தெரியும். கீழ்நோக்கி வகுக்கிற // போட்டதும் சரியாகிவிட்டது. கிழக்குப் பக்கம் மட்டும் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

பழையவாட்:

அருமை. அந்தப் பதிவை அப்படியே ஒரு டெஸ்டாகச் சேர்த்துவிடுங்கள். குப்பைக்கு ஒரு வழி: படித்த 8 பைட்டையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் பூஜ்யம் நிரப்பி எழுதுங்கள். அப்புறம், 'மூடு' கட்டளை ஏற்கெனவே இருக்கிற அறையின் சுவரைத் தொட்டு மூடும்போது என்ன செய்கிறது என்று எழுதுங்கள். அங்கே சுவர் இரண்டாகப் பிளக்கும். இரண்டாம் துண்டின் டெக்ஸ்சர் ஆஃப்செட்டில் (படம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்ற எண்ணில்) முதல் துண்டின் நீளத்தைக் கூட்டவில்லை என்றால் செங்கல் வரிசை முறிந்து தெரியும்.