நம்ம வீடு குழு: ஸ்னோமொபைல் (பனி மேல் ஓடும் வண்டி) மறுபடியும் செல்ஃப் எடுக்கவில்லை

செவ்வாய், காலை

ரவி: எல்லோருக்கும் வணக்கம். வண்டி மறுபடியும் செல்ஃப் எடுக்கவில்லை. சனிக்கிழமை அம்மாவை ஏரி வீட்டுக்கு எப்படிக் கூட்டிப் போவது என்று தெரியவில்லை.

கலா: ஐயோ. போன மாதம்தானே டீலரிடம் விட்டு எடுத்தாய்?

ரவி: ஆமாம் அக்கா. ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை, நன்றாக ஸ்டார்ட் ஆகிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

பிரபு: நீங்கள் வாங்கும்போதே சொன்னேன் சித்தப்பா. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற டூ ஸ்ட்ரோக் இன்ஜின்

ரவி: இப்போது அந்தப் பேச்சு எதற்கு பிரபு

ஸ்ரீஜா: விடுங்க. சனிக்கிழமைக்கு வழி சொல்லுங்க.

ராஜேந்திரன்: [படம்: இனிய காலை வணக்கம்]

ராஜேந்திரன்: ஸ்னோமொபைலைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாதா?

பிரபு: முடியாதுப்பா

ராஜேந்திரன்: ஏன்? என் பழைய வண்டியை எத்தனை முறை தள்ளியிருக்கிறோம். நீயும்தான் தள்ளினாய்.

செல்வம்: மச்சான், அது கியர் வண்டி. இதில் பெல்ட். இன்ஜின் சுற்ற ஆரம்பித்து வேகம் ஏறினால்தான் முன் கிளட்ச் பெல்ட்டைப் பிடிக்கும். இன்ஜின் நின்றிருக்கும்போது வண்டியைத் தள்ளினால் டிராக் என்கிற அடிப் பட்டை மட்டும் சுற்றும், இன்ஜினுக்கு ஒன்றும் போகாது. ரவியுடையது ஃபோர் ஸ்ட்ரோக், இழுக்கக் கயிறும் கிடையாது. ஸ்டார்ட்டர் போனால் வண்டி கல்தான். அதனால்தான் இதை அலட்சியமாக விடக்கூடாது என்கிறேன். ஏரிக்கு நடுவில் நின்றால் என்ன செய்வது?

ராஜேந்திரன்: அதைத்தான் நானும் சொல்கிறேன். அம்மாவை அதில் ஏற்ற வேண்டாம்.

கலா: அம்மா வருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். இரண்டு வருடமாகக் கேட்கிறார் அண்ணா.

செல்வம்: ரவி, முதலில் ஒன்று சொல். பட்டனை அழுத்தினால் என்ன சத்தம் வருகிறது?

ரவி: ஏதோ சத்தம் வருகிறது அத்தான்

செல்வம்: ஏதோ இல்லை. சத்தம்தான் பாதி விடை. ஒன்றுமே வராவிட்டால் முதலில் டெதர் கயிறு (ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்துவது) சரியாக மாட்டியிருக்கிறதா, இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது, ஃபியூஸ் என்று பார்க்க வேண்டும். டக் என்று ஒரே ஒரு சத்தம் வந்து அடங்கினால் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் ரிலே, சொலினாய்டு, இல்லை ஸ்டார்ட்டருக்குள் கார்பன் பிரஷ். டிக் டிக் டிக் என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரி, இல்லை டெர்மினலில் துரு. மோட்டார் மட்டும் வீ என்று சுற்றி, இன்ஜின் அசையாவிட்டால் அது வேறு கதை. இதைப் பிரிக்காமல் ஸ்டார்ட்டரை மாற்று, பேட்டரியை மாற்று என்று இறங்கினால் பணம் போகும், குறை அப்படியே இருக்கும்.

ரவி: [குரல் பதிவு 0:11]

மீனா: அப்பா, இது வீ என்றுதான் கேட்கிறது

பிரபு: வீ

ஸ்ரீஜா: நாய் பின்னால் குரைப்பது இன்னும் நன்றாகக் கேட்கிறது 😄

கலா: டெதர் என்றதும் நினைவு வந்தது. அந்தச் சிவப்புக் கயிறு இன்னும் எங்கள் வீட்டு டிராயரில் கிடக்கிறது.

ரவி: அது பழைய வண்டியுடையது அக்கா. பிரபு விற்றானே, அது.

பிரபு: சித்தப்பா நீங்கள் விற்கச் சொன்னதால்தான் விற்றேன்

ரவி: விலை கேட்டுவிட்டுச் சொல் என்றேன்

ஸ்ரீஜா: 🙏 தயவுசெய்து

செல்வம்: ரவி, காலையில் மட்டுமா, மதியமும் இப்படித்தானா?

ரவி: இரவு முழுக்க ஷெட்டில் குளிரில் நின்றால் காலையில் இப்படி. நேற்று மதியம் ஷெட்டுக்குள் ஹீட்டர் போட்டு ஒரு மணி நேரம் கழித்து அழுத்தினேன். ஒரே அழுத்து, பிடித்துக்கொண்டது.

செல்வம்: அப்படியானால் பெரும்பாலும் பெண்டிக்ஸ்.

கலா: தமிழில் சொல்லுங்கள்

செல்வம்: ஸ்டார்ட்டர் மோட்டாரின் தண்டில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். பட்டனை அழுத்தியதும் அது தண்டின் மேல் வழுக்கி முன்னால் ஓடிப் போய், இன்ஜினின் பெரிய வளையப் பல்லைக் கடித்துச் சுற்ற வேண்டும். அந்தத் தண்டில் இருக்கிற கிரீஸ் பழசாகி, பிரேக் தூசியும் பெல்ட் தூசியும் சேர்ந்துவிட்டால், மைனஸ் இருபது டிகிரி செல்சியஸில் அது மெழுகு போல இறுகிவிடும். மோட்டார் சுற்றும், பல்சக்கரம் நகராது. வீ என்ற சத்தம் மட்டும் வரும். வெப்பம் பட்டால் கிரீஸ் இளகும், உடனே வேலை செய்யும். போன மாதம் டீலர் ஒன்றும் இல்லை என்றதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் பட்டறை கதகதப்பாக இருக்கும். வண்டி உள்ளே போய் ஒரு மணி நேரத்தில் குறை தானாகப் போய்விடும். மெக்கானிக் அழுத்துவார், ஸ்டார்ட் ஆகும், பில்லில் குறை காணவில்லை என்று எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை.

மீனா: மாமா, அப்படியானால் வண்டியைக் குளிரில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்

செல்வம்: அதேதான் கண்ணு. இரவு முழுக்க வெளியில் நிறுத்தி, காலையில் முதல் அழுத்திலேயே பார்க்க வேண்டும். வேலைச் சீட்டில் அதை எழுத்தில் எழுதச் சொல். வாயால் சொன்னால் கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியும், பின்னால் இருக்கும் மெக்கானிக்குக் காகிதம் மட்டும்தான் போகும்.

பிரபு: முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டாமா மாமா. குளிரில் பேட்டரிதான் முதலில் போகும்

செல்வம்: சரியான கேள்வி. மைனஸ் பதினெட்டு வாக்கில் லெட் ஆசிட் பேட்டரி தன் பலத்தில் ஏறக்குறைய பாதிதான் தரும். ரவி, மல்டிமீட்டர் இருக்கிறதா?

ரவி: இருக்கிறது. எங்கே வைப்பது?

செல்வம்: பேட்டரியின் இரண்டு முனையில். வண்டி சும்மா இருக்கும்போது ஒரு தடவை, பட்டனை அழுத்திக்கொண்டே ஒரு தடவை. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12 பக்கம் வந்திருந்தால் கிட்டத்தட்டக் காலி. இன்ஜினைச் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக்கூடாது. ஒரு தடவைக்கு மேல் அழுத்தாதே.

கலா: காரிலிருந்து வயர் போட்டுப் பார்க்கலாமே?

செல்வம்: அவசரப்பட வேண்டாம். சார்ஜ் இறங்கிய பேட்டரி மைனஸ் ஏழு எட்டிலேயே உள்ளே உறைய ஆரம்பிக்கும். உறைந்த பேட்டரிக்குக் கரண்ட் கொடுத்தால் வெடிக்கலாம். பக்கம் உப்பியிருந்தால் கையே வைக்காதே. உள்ளே கொண்டு வந்து இளக விட்டுவிட்டுத்தான் மற்றது.

ரவி: சும்மா 12.7. அழுத்தும்போது 12.3

செல்வம்: பார்த்தாயா. இன்ஜினைச் சுற்றும் பாரம் இருந்தால் வோல்டேஜ் இன்னும் நன்றாக இறங்கும். மோட்டார் வெறுமனே சுற்றுகிறது, அதனால் கரண்ட் கொஞ்சம்தான் இழுக்கிறது. பேட்டரி நல்ல பேட்டரி. டீலர் பேட்டரி மாற்றச் சொன்னால் இந்த எண்ணைக் காட்டு.

ராஜேந்திரன்: மாப்பிள்ளை, நீங்களே கழற்றி கிரீஸ் மாற்றிவிடலாமே. டீலர் எதற்கு

செல்வம்: கழற்றத் தெரியும் மச்சான். தண்டைத் துடைத்து, குளிருக்கான மெல்லிய கிரீஸ் கொஞ்சமாகத் தடவினால் பல சமயம் சரியாகிவிடும். ரவி, வாரண்டி இருக்கிறதா?

ரவி: ஏப்ரல் வரை

செல்வம்: அப்படியானால் நான் தொடமாட்டேன். நான் கழற்றிய பிறகு வளையப் பல் தேய்ந்திருப்பது தெரிந்தால், வீட்டில் கழற்றியதால் வந்தது என்று சொல்ல அவர்களுக்கு இடம் கிடைக்கும். பல் தேய்ந்திருந்தால் பெரிய வேலை. அதனால் இன்றிலிருந்து காலையில் சும்மா சும்மா அழுத்திப் பார்க்காதே. பாதி நகர்ந்த பல்சக்கரம் ஒவ்வொரு தடவையும் வளையத்தைச் சுரண்டும். நல்ல வண்டியிலும் தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் அழுத்தக்கூடாது, மோட்டார் சூடாகிவிடும்.

ரவி: சரி அத்தான். ஆனால் டீலர் மூன்று வாரம் கழித்துத்தான் இடம் என்கிறார். சீசன்.

பிரபு: அவர்கள் எப்போதும் அப்படித்தான்

மீனா: அப்பா, வாங்கின இடத்துக்கே போக வேண்டும் என்று இல்லை. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற எந்த டீலரும் வாரண்டி வேலை செய்யலாம். நான் அலுவலகத்திலிருந்து வேறு இடங்களுக்குப் போன் பண்ணுகிறேன். வண்டி எண் அனுப்புங்கள், 17 எழுத்தும் எண்ணும் சேர்ந்தது. ரீகால் (குறைக்காகக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) ஏதாவது இருக்கிறதா என்று அதை வைத்துப் பார்த்துவிடலாம்.

ரவி: எங்கே இருக்கும்?

மீனா: டிராக்குக்கு மேலே, வலது பக்கச் சட்டத்தில் பாருங்கள். பனியைத் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள்

ரவி: [படம்]

மீனா: அப்பா அது உங்கள் கையுறை

ஸ்ரீஜா: 😂😂

ராஜேந்திரன்: இந்தப் பனி வண்டி என்றாலே ஆபத்துதான். ஏரி மேல் போக வேண்டாம், கரையோர வழியே போங்கள். மினசோட்டா இயற்கை வளத் துறை அட்டவணையைப் பார்த்தேன். ஸ்னோமொபைலுக்குக் குறைந்தது 5 முதல் 7 அங்குலம் தெளிந்த புதுப் பனிக்கட்டி வேண்டும். வெள்ளையாக இருந்தால் அதன் பலம் பாதிதான், தடிமன் இரட்டிப்பு வேண்டும்.

கலா: அண்ணா சொல்வது நியாயம்

மீனா: பெரியப்பா, ஆபத்து என்று மட்டும் சொல்லாதீர்கள். பனியில் வழி அடைபட்ட ஆட்களுக்கு உதவவும்தான் இது வந்தது. ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே கியூபெக்கில் மெக்கானிக். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயதுப் பையனை மருத்துவமனைக்குக் கொண்டு போக முடியாமல் பனி வழியை அடைத்துவிட்டது. குழந்தை இறந்துவிட்டது. அதற்குப் பிறகு பனியில் ஓடும் வண்டியை விடாமல் செய்து, 1937இல் டிராக் வண்டி கொண்டு வந்தார். ஸ்கி-டூ என்ற சின்ன ஸ்னோமொபைல் 1959இல்தான் வந்தது.

ராஜேந்திரன்: அந்தக் குழந்தை விஷயம் எனக்குத் தெரியாது.

ராஜேந்திரன்: பாவம்.

கலா: 🙏

பிரபு: ஸ்கி-டூவில் இப்போது சில மாடலில் பேட்டரியே இல்லை. ஷாட் என்று பெயர். முதல் தடவை கயிறு இழுக்க வேண்டும், அப்புறம் ஒரு கெபாசிட்டரில் சார்ஜ் இருக்கும், அரை மணி நேரத்துக்குள் பட்டனை அழுத்தினால் மறுபடி ஸ்டார்ட். அடுத்த வருடம் நான்

ஸ்ரீஜா: அடுத்த வருடம் நீங்கள் ஒன்றும் வாங்கவில்லை

பிரபு: பேச்சுக்குச் சொன்னேன்

செல்வம்: ரவி, நாளைக் காலை ஒரே ஒரு தடவை அழுத்து, அதை வீடியோ எடு. வெப்பமானி ஃபிரேமுக்குள் தெரியட்டும். அதற்கு முன்னால் அந்த ஹூட் அடியில் போனை வைத்து சத்தம் தெளிவாக விழுகிறதா பார். டீலரிடம் காட்ட இதைவிட நல்ல சான்று இல்லை. அப்புறம் பழைய ஸ்டார்ட்டரை மாற்றினால் கழற்றியதைக் காட்டச் சொல்லிக் கேள். தண்டில் கறுப்புப் பசை இருக்கும், உனக்கே தெரியும். வாரண்டிக்கு வெளியே எந்த வேலையானாலும் உன்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிவிடு.

ரவி: சரி அத்தான். சரி.

மதியம்

மீனா: ஒரு டீலர் ஒத்துக்கொண்டார்! வியாழன் மாலை கொண்டு வந்து விடச் சொன்னார். இரவு வெளியில்தான் நிற்கும், வெள்ளி காலை முதல் வேலையாகப் பார்ப்பார்கள். வாரண்டி அவர்களே பேசிக்கொள்வார்கள். ரீகால் எதுவும் இல்லை. ஆனால் ஸ்டார்ட்டரையே மாற்ற வேண்டி வந்தால், பார்ட்ஸ் வர ஒரு வாரம்.

கலா: என் தங்கம்

ரவி: அப்படியானால் சனிக்கிழமை?

செல்வம்: சுத்தம் பண்ணினால் போதும் என்றால் வெள்ளி மாலையே கிடைக்கும். இல்லையென்றால் இல்லை.

ராஜேந்திரன்: கிடைக்காவிட்டால் அம்மா எங்கள் வீட்டில் இருக்கட்டும்

கலா: அம்மாவிடம் அதை நீங்கள் சொல்லுங்கள் அண்ணா

ராஜேந்திரன்: நான் ஏன்

ஸ்ரீஜா: கிடைக்காவிட்டால் ஸ்லெட்டில் துணி போட்டு நாம் எல்லோரும் சேர்ந்து இழுக்கலாம். சாலை முடியும் இடத்திலிருந்து அரை மணி நடைதானே.

பிரபு: பாட்டியையா??

ஸ்ரீஜா: சாமானை. பாட்டியை எப்படி என்று யோசிக்கலாம்

ரவி: வியாழன் வண்டியை ஏற்றிக்கொண்டு போக டிரெய்லர் வேண்டும். அது யாரிடம் இருக்கிறது?

கலா: உன்னிடம் இல்லையா?

ரவி: அத்தான் வாங்கிப் போனார்

செல்வம்: நான் அக்டோபரிலேயே பிரபுவிடம் கொடுத்துவிட்டேன்

பிரபு: ஸ்ரீஜாவின் தம்பி வீடு மாறும்போது கேட்டான்...

ரவி: நம் டிரெய்லர் அங்கே எப்படிப் போனது

ஸ்ரீஜா: தம்பியைக் கேட்கிறேன். பின் விளக்கு ஒன்று எரியவில்லை என்றான்.

செல்வம்: எர்த் வயராக இருக்கும். நான் பார்த்துக்கொள்கிறேன். புதன் மாலைக்குள் டிரெய்லர் என் வீட்டுக்கு வரட்டும்.

ஸ்ரீஜா: புதன் அவனுக்கு நைட் ஷிஃப்ட். நாளை காலை கேட்டுச் சொல்கிறேன்

ராஜேந்திரன்: அம்மா போனில் இருக்கிறார். வண்டி வந்தால் தலைக்குக் கம்பளித் தொப்பி மட்டும் போதாதாம், ஹெல்மெட் வேண்டுமாம். யாரிடம் சின்ன அளவு இருக்கிறது?

மீனா: பெரியப்பா, என்னுடையது பாட்டிக்கு சரியாக இருக்கும். கண்ணாடி மட்டும் கீறல்.

ரவி: தம்பியிடம் டிரெய்லர் பற்றி இன்றே கேட்டுவிடுமா ஸ்ரீஜா